பதிவேட்டின் கடைசிப் பெயர் வரை

எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பிரதி எடுக்கும் வேலையை நான் தேடிப் போகவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரோடு வந்து தங்கியிருந்தேன். மீதியிருக்கும் காலத்தில் கர்த்தருக்கென்று ஏதாவது செய்ய வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். மனதில் இருந்தது வேறு வேலை. பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு சேர்ந்து வீடு சந்திப்பு, ஜெபக்கூட்டம், பக்கத்துக் கிராமங்களில் ஊழியம், இப்படி.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் வாத்தியாரய்யா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சில வாரம் கழித்து அவருடைய மகள் ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே நீளமான கணக்கு நோட்டுகள். "அப்பா இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க அத்தை. ரிஜிஸ்டர் எழுதிப் பழகின கை, அவளால முடியும்னு சொன்னாங்க."

அய்யா தம் ஓய்வுக்காலம் முழுவதும் ஆலய அலமாரியில் இருந்த பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். 1920களின் நடுவில் எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்குமேல் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று மகள் சொன்னாள்.

திருநெல்வேலிச் சீமையின் பழைய சபைகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவேடுகளைப் பற்றித் தெரிந்திருக்கும். அகலமான பெரிய புத்தகம், தோல் அல்லது காலிகோ அட்டை. ஒவ்வொரு வரிசையிலும் பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், தகப்பனுடைய தொழில், ஞானப் பெற்றோர், கொடுத்த குருவானவரின் கையெழுத்து. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு தலைப்புகள் மாறுகின்றன. அதற்கு முன் ஆங்கிலிக்கன் முறைப்படி அச்சடித்த பக்கங்கள். எங்கள் புத்தகங்களில் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகளும், மழைத் தண்ணீர் இறங்கி மை பரவிய பக்கங்களும் இருந்தன. சில இடங்களில் பழைய மையே காகிதத்தைத் தின்று, எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவத்திலேயே கிழிந்திருந்தது.

அது வெறும் பழைய காகிதம் இல்லை. ஞானஸ்நான அத்தாட்சி இல்லாமல் எங்கள் பக்கம் ஆலயத்தில் திருமண அறிக்கை வாசிப்பது கடினம். பிறப்புச் சான்றிதழே இல்லாத தலைமுறைக்கு வயதைக் காட்ட அந்த ஒரு வரிதான் இருந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பெயரைத் தேடி இன்றும் வருகிறார்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டி முடித்த கையோடு நெகேமியா, முதலில் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் வம்ச அட்டவணையைத் தேடி எடுத்ததாக வேதத்தில் அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரத்தில், தங்கள் பெயரை அட்டவணையில் தேடிக் காணாமல் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்ட குடும்பங்களும் இருக்கிறார்கள். ஒரு வரி எழுதாமல் போனால், அல்லது எழுதிய வரி அழிந்துபோனால், ஒரு குடும்பத்துக்கு அது என்ன என்பதை வேதம் மறைக்கவில்லை.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வேலை தேவனிடத்திலிருந்து வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி மூன்று கேள்விகள்தான். தேவை நிஜமாகவே இருக்கிறதா? அதற்கு வேண்டிய கை, கண், நேரம் ஏற்கெனவே எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? சபையில் பொறுப்பில் இருப்பவர்கள் சம்மதிக்கிறார்களா? முதல் இரண்டுக்கும் பதில் தெளிவாக இருந்தது. மூன்றாவதற்குக் குருவானவரைப் பார்த்தேன். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். சொப்பனமோ தரிசனமோ எனக்கு வரவில்லை. சாவிதான் வந்தது, எனக்கு அது போதும்.

நான் ஆசைப்பட்ட கிராம ஊழியம் உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நெகேமியா 3-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்தால் அந்த எண்ணம் நிற்காது என்று நம்புகிறேன். முழுக்க முழுக்கப் பெயர்ப்பட்டியல். இவன் இந்த வாசலைக் கட்டினான், அவனுக்கு அடுத்து இன்னான், அவனுக்கு அடுத்து இன்னான். பிரதான ஆசாரியன் ஒரு பங்கு கட்டுகிறான், தட்டான் ஒரு பங்கு, தைலக்காரன் ஒரு பங்கு. சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு கட்டுகிறான். சிலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இடத்தையே கட்டுகிறார்கள். முழு அலங்கத்தையும் கட்டியதாக ஒருவர் பெயரும் அங்கே இல்லை. ஆனாலும் 52 நாளில் வேலை முடிந்தது, சுற்றிலும் இருந்தவர்கள் அது தேவனால் கைகூடிவந்தது என்று அறிந்தார்கள்.

அதனால் நான் முதலில் செய்தது எல்லை வகுத்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: ஞானஸ்நானப் பதிவேடு மட்டும், அய்யா நிறுத்திய பக்கத்திலிருந்து, 1978 முடியும் வரை. அதற்குப் பிந்தையவை நல்ல நிலையில் இருந்தன, அவசரம் இல்லை. திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் என் கணக்கில் இல்லை. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன், குருவானவரும் போட்டார். தேவனுக்கென்று ஒரு வேலையை எடுக்கும் யாரும் இதைச் செய்யலாம். எங்கே முடிகிறது என்று எழுதி வைக்காத வேலை முடியாது. "சபைக்கு உதவியாக இருப்பேன்" என்பது நல்ல மனது. அதை முடித்தேன் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. "இந்த ஆண்டு திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுத்து முடிப்பேன்" என்று சொன்னால், முடித்தோமா இல்லையா என்று தெரியும்.

யோவான் 17-ல் ஆண்டவர் பிதாவிடம், "பூமியிலே நான் உம்மை மகிமைப்படுத்தினேன், நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்து முடித்தேன்" என்று ஜெபிக்கிறார். சிலுவையை முன்னால் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை. அந்த இராத்திரியில் யூதேயாவிலும் கலிலேயாவிலும் குருடர்களும் குஷ்டரோகிகளும் இன்னும் இருந்தார்கள். அப்போஸ்தலர் 3-ல் அலங்கார வாசலண்டையில் நாள்தோறும் வைக்கப்பட்ட பிறவிச் சப்பாணி ஒருவன் வருகிறானே, அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் ஆண்டவர் அந்த ஆலயத்தில் போதித்த நாட்களிலும் அவன் சப்பாணிதான். அவனைத் தூக்கி நிறுத்தும் வேலை பேதுருவுக்கும் யோவானுக்கும் வைக்கப்பட்டிருந்தது. இதை யோசிக்க யோசிக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. உலகத்தில் இருக்கும் எல்லாத் தேவையும் என்னுடைய கடமை இல்லை. பிதா எனக்கென்று நியமித்தது ஒன்று இருக்கிறது, அதை முடிப்பதில் அவருக்கு மகிமை இருக்கிறது. குமாரனே அப்படித்தான் பிதாவை மகிமைப்படுத்தினார்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், இதே காரியத்தைத் தங்கள் சபையில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். காலை வெளிச்சத்தில் மட்டும் உட்கார்வேன். முதலில் செல்போனில் படம். பக்கத்துக்கு நேர் மேலே போனைப் பிடிக்க வேண்டும், ஃபிளாஷ் போடக்கூடாது, பக்க எண் எழுதிய துண்டுச்சீட்டு ஓரத்தில் தெரிய வேண்டும். பிறகு படத்தைப் பார்த்தே எழுதினேன். அதனால் புத்தகத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து இன்னும் கெடுக்க வேண்டியதில்லை. கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய காகிதத்தைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. எவ்வளவு தெளிவான பிழையாக இருந்தாலும் மூலப் பதிவேட்டில் பேனா வைக்கக்கூடாது. வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டும், ஊகித்து எழுதக்கூடாது. ஊகம் ஒருவருடைய பாட்டியின் பெயரையே மாற்றிவிடும்.

பழைய கையெழுத்துக்குக் கண் பழக நாள் ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா, னா எல்லாம் எங்கள் தலைமுறைக்குப் பழக்கம்தான், இளைஞர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் வேகமாக எழுதிய குருமார்களும் உபதேசிமார்களும் உண்டு. ஒரே குடும்பப் பெயரை ஒரே ஆள் மூன்று விதமாக எழுதிய இடங்கள் உண்டு. மூன்றையும் அப்படியே எழுதினேன்.

அய்யாவின் நோட்டுகளையும் முதலிலிருந்து வாசித்தேன். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய 1877, 1878-ஆம் ஆண்டுகளில் வரிசைகள் திடீரென்று பெருகுகின்றன. குடும்பம் குடும்பமாக, பெரியவர்களும் கைப்பிள்ளைகளும் ஒரே தேதியில். பழைய பெயர் ஒரு பத்தியில், புதிய பெயர் அடுத்த பத்தியில். பசிக்காக வந்தார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர்களைப் பின்தொடர்ந்தால் அடுத்த இருபது, முப்பது வருடப் பக்கங்களில் அதே ஆட்கள் ஞானப் பெற்றோராக நிற்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக எழுதப்படுகிறார்கள். பஞ்சம் போய்விட்டது, அவர்கள் போகவில்லை. தொழில் என்ற பத்தி இன்னொரு கதை சொல்லும். பக்கம் பக்கமாகப் பனையேற்று, பனையேற்று என்று ஓடும். நடுவில் ஒரு கொத்தனார், ஒரு உபாத்தியாயர். பிறகு கொழும்பு, தோட்டம், பட்டாளம். சில பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக்குறி இருக்கும். அப்படி ஒரு வரியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு, நூறு வருடத்துக்கு முன்னால் அழுத அந்தத் தாயை நினைத்துக்கொள்வேன். அவளுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம் சபையில் இல்லை. அவளுடைய பிள்ளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுவது என்னால் முடியும், அதைச் செய்தேன்.

முதல் நோட்டு எழுதும்போது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "எங்க ஆச்சி பேர் வந்துட்டா அத்தை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றாம் நோட்டில் கேட்க ஆள் இல்லை. ஆரம்பிக்கும் வேலைக்கு ஜெபமும் கைதட்டலும் கிடைக்கும், முடிகிற நாளில் ஸ்தோத்திரமும் கிடைக்கும். நடுவில் இருக்கும் நீளமான பகுதியில் தேவன் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கொரிந்து சபையார் எருசலேமின் ஏழைகளுக்காகத் தர்மப்பணம் சேர்க்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியும் முடிக்காமல் வைத்திருந்தார்கள். பவுல் இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் அவர்களை அதட்டவில்லை. ஆசையோடு தொடங்கினீர்களே, அந்த ஆசைக்கு ஏற்ப உங்களிடம் உள்ளதைக் கொண்டு முடியுங்கள் என்கிறார். உள்ளதைக் கொண்டு என்பதுதான் என்னைத் தாங்கியது. கண் கூசும் நாளில் ஒரு பக்கம் போதும் என்று வைத்துக்கொண்டேன். பக்கம் முடியாமல் மட்டும் எழுந்ததில்லை.

இதற்கிடையே அழைப்புகள் வந்தன. அசனப் பண்டிகைக் கமிட்டிக்குப் பொருளாளராக வாருங்கள், கன்வென்ஷன் வரவுசெலவைப் பாருங்கள், பாடகர் குழுவுக்கு ஆள் குறைகிறது. எல்லாம் நல்ல வேலை, கூப்பிட்டவர்கள் எல்லாரும் அன்பானவர்கள். "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது" என்று நெகேமியா சொன்னது எதிரிகளுக்கு; அவர்களும் விடாமல் நான்கு தரம் ஆள் அனுப்பினார்கள். என்னைக் கூப்பிட்டவர்களோ சிநேகிதர்கள். சிநேகிதர்களிடம் மாட்டேன் என்று சொல்வது இன்னும் கடினம். ஆனால் சொன்னேன்: "இப்ப கையில இருக்கிறது முடியட்டும், அப்புறம் கேளுங்க." ஒருவரும் மனம் நோகவில்லை. நம்மில் பலர் நான்கு வேலையைத் தொடங்கி நான்கையும் பாதியில் வைத்திருப்பது சோம்பலால் இல்லை, மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுவதால்தான் என்பது என் எண்ணம்.

எழுதி முடித்தது வேலை முடிந்ததாகாது. தபால் நிலையத்தில் அன்றன்றைய கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்கு மூத்தவரான ஒரு அக்கா மூலத்தின் படத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். நான் பிரதியில் விரல் வைத்துக்கொண்டு போவேன். பெயர், தேதி, ஊர். பெயர், தேதி, ஊர். எழுதிய நேரத்துக்குக் குறையாத நேரம் இதற்கும் ஆனது. அந்த அக்கா வாசித்துக்கொண்டே வந்து தன் தகப்பனாரின் ஞானஸ்நான வரியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். எனக்குத் தெரிந்து எங்கள் இருவருக்கும் அதுவே ஒரு ஆராதனை.

கடைசியில் வாத்தியாரய்யாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பாதியில் விட்டுப் போனார் என்று ஊரில் பரிதாபமாகச் சொன்னவர்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-ல் அங்கே வந்து இறங்கினார். தமிழை மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றார், டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட தகராறில் நான்கு மாதம் சிறையில் இருந்தார், புதிய ஏற்பாட்டை 1711-ல் மொழிபெயர்த்து முடித்து 1715-க்குள் முழுவதும் அச்சிட்டார். பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில், அவர் இறந்தபோது ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தது. அந்த வருடமே வந்து சேர்ந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் மீதியை எடுத்துச் செய்தார், 1728-க்குள் அச்சும் முடிந்தது. அதன் பின் ஃபப்ரிசியஸ் அதையெல்லாம் மீண்டும் சீர்படுத்தினார், அவருக்குப் பின் ரேனியஸும் மொழிபெயர்ப்பில் உழைத்தார், 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த பதிப்பின் வழியில்தான் இன்று நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வந்தது. இவர்களில் யாருடைய வேலை பாதியில் நின்றது? ரூத்தின் கடைசி வசனங்கள் ஒரு வம்ச அட்டவணை: இவன் இவனைப் பெற்றான் என்று ஓடி, தாவீதில் முடிகிறது. பெயர்ப்பட்டியலில் சீகன்பால்க்கின் பேனா நின்றது. ஆனால் அவருக்கு நியமிக்கப்பட்டது அதுவரைதான் என்று நான் விசுவாசிக்கிறேன். வாத்தியாரய்யாவுக்கும் அப்படியே. கை நடுங்கிய அன்று நோட்டை மூடி, எங்கே நிறுத்தினேன் என்று தேதியோடு குறித்து, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்தாரே, அதுவும் முடித்ததுதான்.

ஆகவே, பிரதி எடுத்து ஒப்பிட்டு முடித்த நோட்டுகளில் முதல் வரியாக அய்யாவின் பெயரையும் அவர் எழுதிய ஆண்டுகளையும் எழுதினேன். நோட்டுகளையும், படங்கள் இருக்கும் பென் டிரைவையும் குருவானவரிடம் ஒப்படைத்தேன். இன்னொரு பிரதி சேகர அலுவலகக் கணினியில் இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்தால் ஒரு மழைக்கும் கறையானுக்கும் அது திரும்பப் போய்விடும். அலமாரியில் வசம்பு போட்டு, புத்தகங்களைத் தரையிலிருந்து உயரத்தில் படுக்க வைத்திருக்கிறோம். சாவியையும் அன்றே திருப்பிக் கொடுத்தேன். வீட்டிலேயே இருக்கட்டுமே என்று அவர் சொன்னார். ஒப்படைத்த பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது அடுத்து வருகிறவரின் கையைக் கட்டும் என்பதால் வேண்டாம் என்றேன்.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் பவுல் அர்க்கிப்பு என்பவனுக்கு ஒரு செய்தி சொல்லியனுப்புகிறார்: கர்த்தரிடத்தில் பெற்ற ஊழியத்தை நிறைவேற்றக் கவனமாயிரு என்று. அந்த ஊழியம் என்னவென்று வேதத்தில் இல்லை. சபையார்தான் அவனிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நம் சபையிலும் ஒரு வேலையைத் தொடங்கியவரிடம், குறை கண்டுபிடிக்கும் குரலில் இல்லாமல், எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். என்னிடம் அந்த அக்கா கேட்டார்கள்.

இப்போது அடக்கப் பதிவேட்டை ஐ.டி. வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் ஒரு தம்பி எடுத்திருக்கிறான். அவன் நோட்டில் எழுதுவதில்லை, நேராக எக்செல்லில் ஏற்றுகிறான். பழைய எழுத்து புரியாத இடத்தில் படத்தை வாட்ஸாப்பில் அனுப்புகிறான், நான் வாசித்துச் சொல்கிறேன். வாலிபர் கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் திருமணப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள். குருவானவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் அடுத்த மாதத்திலிருந்து வீடு சந்திப்புக்குப் போகிறேன். முதலில் பதிவேட்டில் நான் எழுதிய கடைசிப் பக்கங்களில் பெயர் இருந்து, இப்போது ஆலயத்துக்கு வராமல் இருக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு.